மோட்டார்த் திணை: கொங்கு முதியோரின் மனநிறைவு குறித்து ஓர் ஆய்வு

முதுமையில் மனநிறைவு எங்கே கிடைக்கும் என்று காசியில் தேடியிருக்கிறார்கள், இமயமலையில் தேடியிருக்கிறார்கள், யோகா மையங்களில் கட்டணம் கட்டி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் மட்டும் எவரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. கோயம்புத்தூர் வீடுகளில் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 60 வயதைக் கடந்த ஓர் ஆண்மகன் தினமும் அதை அழுத்துகிறார். மாடியில் இருக்கும் டேங்க் நிரம்பும்வரை வீட்டைச் சுற்றி வருகிறார். பிறகு நிறுத்துகிறார். இவ்வளவுதான் இவ்வாய்வின் பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் 10 பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள் என்பதால், பொருள் சிறிதென்று கருத வேண்டாம்.

ஆய்வு எல்லை: மேற்கே மருதமலை, கிழக்கே காங்கேயம், வடக்கே மேட்டுப்பாளையம், தெற்கே பொள்ளாச்சி. ஆய்வு முறை: ஒறம்பரைக்கு, அதாவது உறவினர் வீட்டுக்குப் போதல். போன வீட்டில் காப்பி வரும்வரை கவனித்தல், வந்தபின் கேள்வி கேட்டல். தகவலாளர்கள் அனைவரும் மாமா, பெரியப்பா, சித்தப்பா என்ற முறையில் அமைந்துவிட்டதால் அவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை. பல்கலைக்கழகத்தார் இதைக் குறைபாடு என்பார்கள். அவர்களும் தங்கள் மாமாவிடம் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இந்தப் பழக்கம் இந்த மண்ணில் இத்தனை ஆழமாக வேர்விட்டதற்குக் காரணம் மண்தான். பாலக்காட்டுக் கணவாய் கொங்கு நாட்டுக்குக் காற்றைத் தாராளமாக அனுப்பும். மழையை அனுப்புவதில் கொஞ்சம் கை இறுக்கம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப்பக்கம் மறைவில் கிடக்கும் நாடு இது, பெரிதும் கிணற்றை நம்பி வாழ்ந்தது. மாடு பூட்டிக் கவலை இறைத்துத்தான் சோளமும் பருத்தியும் விளைந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இந்த ஊரில் செய்தார்கள். அதற்கப்புறம் பீளமேடு, கணபதிப் பக்கமெல்லாம் பம்புப் பட்டறைகள் முளைத்தன. ஒரு தெருவில் வார்ப்பு, அடுத்த தெருவில் கடைசல், அதற்கடுத்த வீட்டின் முன்னறையில் காயில் சுற்றுதல். 1970-களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் கோவை நகருக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஊரையே திகைக்க வைத்தார்கள். ஆக, மோட்டாரைச் செய்து, ஊர் ஊராக விற்று, அது ஓடுவதற்கான கரண்டுக்காகச் சண்டையும் போட்ட தலைமுறை இது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் அது கையை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

இனி இலக்கணம். தொல்காப்பியர் காலத்தில் சின்டெக்ஸ் டேங்க் இல்லாததால் இந்தத் திணை நூலில் விடுபட்டுப்போயிற்று. அதை இங்கே நிரப்ப முயல்கிறோம். முதற்பொருளில் நிலம், சம்புக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட நாலடி இடம். சிறுபொழுது வைகறை, அதாவது, மருமகள் எழுந்து குழாயைத் திறப்பதற்கு முன். கருப்பொருளில் பறவை, டேங்க் மூடிமேல் உட்காரும் காக்கை. மரம், ஓவர்புளோ பைப்புக்கு அடியில் நிற்கும் வாழை. உணவு, வரக்காப்பி. பறை, மோட்டாரின் உறுமல். தெய்வம் பற்றி இரு கருத்து உண்டு. சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருக்கும் மருதமலை முருகன் படம் என்பார் ஒரு சாரார். மின்வாரியம் என்பார் மறுசாரார்.

உரிப்பொருளில்தான் சிக்கல். இருத்தல் முல்லைக்கு உரியது. சென்றவர் வருவார் என்று ஆற்றியிருப்பது. டேங்க் நிரம்பும் என்று ஆற்றியிருப்பதும் அதன்பாற்படும் என்பது நம் துணிபு. ஆனால் மாடியில் தொட்டி வழிந்து, உள்ளேயிருந்து “ஏனுங்க, தண்ணி ரொம்பி ஊத்துதுங்க, காதுல விழுகுலீங்களா?” என்று குரல் வந்ததும் திணை சட்டென்று மருதமாகிவிடுகிறது. காயில் எரிந்து மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகும் நாளில் நெய்தலின் இரங்கல். சிறுவாணித் தண்ணீர் முறைப்படி வரவேண்டிய நாளில் வராமல் சம்பு காய்ந்து கிடந்தால் சந்தேகமில்லாமல் பாலை. குறிஞ்சியையும் பொருத்திப் பார்க்க முயன்றோம். தகவலாளர்கள் மாமா முறையினர் என்பதால் கைவிடப்பட்டது.

டேங்க் நிரம்பியதை அறிவதற்கு நான்கு பிரமாணங்கள் வழக்கில் உள்ளன. காட்சிப் பிரமாணம், மாடியேறி மூடியைத் திறந்து பார்ப்பது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஆகாது. அனுமானம், மணி பார்ப்பது. ஆகமம், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டி “தண்ணி போகுதுங்க மாமா!” என்று சொல்வது, ஆப்தவாக்கியம் என்பதால் மறுக்க முடியாது. இம்மூன்றுக்கும் மேலானது செவிப்புலன். தண்ணீர் டேங்குக்குள் விழும்போது முதலில் அடியில் மோதும் ஓசை கனமாக இருக்கும். மட்டம் ஏற ஏற விழும் தூரம் குறைந்து ஓசை சிறுத்து வரும். கடைசியில் ஏறக்குறைய அடங்கிப்போகும். அந்த அடக்கத்துக்கும் வழிவதற்கும் இடையில் சிறு அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் எழுந்து, செருப்பை மாட்டி, சுவிட்சை அடைந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் நிறுத்துபவரே தேர்ந்தவர். சிங்காநல்லூர்ப் பெரியப்பா ஒருவர் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வதைக் கண்டோம். காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி மகள் மன்றாடிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். பேரன் பத்துத் தடவை கூப்பிட்டால் திரும்பாத காது, மாடியில் தண்ணீர் ஓசை சிறுத்ததும் திரும்புகிறது. மருத்துவர்கள் இதை ஆராயலாம்.

வழிதல் குறித்துத் தகவலாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு சொட்டு வழிந்தாலும் தோல்வி என்பது முதல் கட்சி. வழிந்தால்தான் நிரம்பியது உறுதி என்பது இரண்டாவது. இரண்டாம் கட்சியின் பொள்ளாச்சிப் பிரிவினர் இன்னும் ஒருபடி மேலே போய், வழிவது வீணே அல்ல என்கிறார்கள். “வாழைக்குத்தானுங்க போகுது. எப்படியும் ஊத்தோணுமல்ல?” என்பது அவர்கள் வாதம். வாழை வைத்தது வழிந்ததற்கு முன்பா பின்பா என்று கேட்க நாவெழுந்தது. முறை இடம்கொடுக்கவில்லை.

கணக்குக்கு வருவோம். 1000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். எழுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் வலி, மாடியில் காயும் மிளகாயைப் புரட்டிவிடக்கூட ஏறமுடியாது. அப்படிப்பட்டவர் ஒரு விரலால் தினமும் ஒரு டன் எடையை மொட்டைமாடிக்கு அனுப்புகிறார். செலவு எவ்வளவு? ஒரு எச்.பி. என்பது 746 வாட். அரைமணி நேரம் ஓடினால், மோட்டாருக்குள் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய அரை யூனிட். இதைத் தகவலாளர்கள் நன்றாக அறிவார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் இலவசம் என்பதும், எதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். மீட்டர் பெட்டிக்கு முன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அதேபோல, காலையில் பேப்பர் வந்ததும் சிலர் முதலில் படிப்பது சிறுவாணி அணையின் நீர்மட்டம். அணையின் முழு நீர்மட்டம் ஏறத்தாழ 50 அடி, அணை இருப்பது கேரளத்துக்குள். மட்டம் அரையடி ஏறியிருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அது தெரிவிக்கப்படும். மருமகள் “அப்படீங்களா மாமா” என்பார். இந்த “அப்படீங்களா” இல்லாமல் அணை நிரம்பியும் பயனில்லை.

உலக அறிஞர்கள் இந்தப் பக்கம் வராமலில்லை. 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்த முதியவர்களுக்கு ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, இதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர் வேலை என்று சொல்லிவிட்டார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் பொறுப்பு ஏற்றவர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். அருமையான ஆய்வு. செடியை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் குறை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருநாள் மறந்தால் அது பேசாமல் வாடும். டேங்கில் தண்ணீர் ஏற்ற மறந்தால், குளியலறைக்குள் சோப்பு போட்டபடி நிற்கும் மகன் “அப்பா!” என்று அலறுவான். நம்மை நம்பி ஒரு வீடு குளிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் செடியும் சொல்லாது.

இந்தக் கருதுகோளைச் சோதிக்க வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெருகியிருக்கும் மூத்தோர் குடியிருப்புகளைப் பார்க்கலாம். நல்ல காற்று, மலை தெரியும் ஜன்னல், வேளாவேளைக்குச் சாப்பாடு, வாசலில் ஆம்புலன்ஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் அறைக்கு மட்டும் பூட்டு. அங்கே குடிவந்த உறவினர் ஒருவரைப் பார்க்கப்போனபோது அவர் அறையில் இல்லை. மோட்டார் அறை வாசலில், எலெக்ட்ரீஷியன் பையனிடம் புட்வால்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “ஏர் புடிச்சிருக்கும் சாமி, தண்ணி ஊத்திப் பாத்தியா?” அந்தப் பையன் பார்த்திருக்கவில்லை. அன்று மாலை முழுக்க அவர் முகத்தில் இருந்த களை, மலை தெரியும் ஜன்னலால் வந்ததல்ல.

பெண்களைப் பற்றி இவ்வாய்வு இதுவரை பேசவில்லை. பேசாததற்குக் காரணம், கொங்கு வீடுகளில் அவர்களுக்கு ஓய்வு என்ற பருவம் வருவதாகத் தெரியவில்லை என்பதே. 1955-இல் சபாபதி என்பவர் கோவையில் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். ஊரின் பெயரோடு சேர்ந்து அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆட்டுக்கல்லில் ஆட்டிய கைக்கு அது பெரிய விடுதலைதான். ஆனாலும் அரிசி ஊறப்போடும் நேரம், உளுந்து பொங்கும் பதம், கல்லைக் கழுவுவது எல்லாம் பழைய ஆளிடமே நின்றுவிட்டன. ஆண் ஓய்வு பெற்று வீட்டுக்குள் வருகிறார். பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறார். புதிதாக வந்தவருக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் எதிரி ஒன்று கிளம்பியிருக்கிறது: தானியங்கிக் கருவி. டேங்கில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைத் தானே போட்டு, நிரம்பினால் தானே நிறுத்தும். இதையும் கோவையிலேயே செய்து விற்கிறார்கள். பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கும் மகன், அப்பாவுக்குச் சிரமம் குறையட்டும் என்று நல்ல எண்ணத்தில் மாட்டிவிட்டுப் போகிறான். அடுத்த பொங்கலுக்கு அவன் வந்து பார்க்கும்போது கருவியின் குமிழ் ‘ஆட்டோ’விலிருந்து ‘மேனுவல்’ பக்கம் திரும்பியிருக்கும். கேட்டால், “சென்சார்ல உப்புப் படிஞ்சுக்குது கண்ணு. நம்ம போர்த் தண்ணி அப்படி” என்று பதில் வரும். இதில் உண்மையும் இருக்கிறது. கோவையின் பல இடங்களில் போர்த் தண்ணீர் கடினமானது. கம்பிமேல் உப்புப் படியத்தான் செய்யும். ஆகவே மகனால் மேற்கொண்டு வாதாட முடிவதில்லை.

குமிழைத் திருப்பியவர் யார் என்பதில் ஆய்வாளருக்கு வெகுநாள் ஐயமே எழவில்லை. சாய்பாபா காலனியில் ஒரு வீட்டில் மாமா டேங்க் நிறைவதற்காகக் காத்துக்கொண்டு வெளியே உலாத்திக்கொண்டிருந்தபோது, அத்தை காப்பி டம்ளரை நீட்டினார். ஆட்டோமேட்டிக் வேலை செய்யலீங்களா என்று பேச்சுக்குக் கேட்டோம். அத்தை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது நல்லாத்தானுங்க ஓடுச்சு. நாந்தான் திருப்பி வெச்சேன். அது ஓடுன ஒரு வாரமும் மனுசன் பொழுதன்னிக்கும் சமையக்கட்டுலயே நின்னுக்கிட்டு, அரிசிம்பருப்புக்கு எத்தனை விசில் உடோணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாருங்க.”