பழைய கீபோர்டு புது மடிக்கணினியோடு பேசாமை பற்றிய ஆராய்ச்சி

பழைய கீபோர்டும் புதிய மடிக்கணினியும் பேசிக்கொள்ளாமல் இருப்பது பிறவிக் குறையன்று. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகர் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் கேபிளால் இணைத்தபோது இரண்டும் தடங்கலின்றிப் பேசின. கருவிகள் பேசிக்கொள்ள வகுத்த மிடி என்னும் நெறிமுறை உலகறிய அரங்கேறியது அன்றுதான். பேசாமை பிற்காலத்து நோய்.

இந்த ஆய்வின் களம் பாரிட் புந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்து வடமேற்கு மூலையில் நெல்வயலும் பழைய ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த பட்டணம். இங்கே பழைய கீபோர்டின் இருப்பிடம் பெரும்பாலும் அலமாரியின் உச்சி. ஆடை, ஒரு பழைய கைலி. கோயில் பஜனைக்கும் கல்யாண மேடைக்கும் போய்வந்து ஓய்வுபெற்ற அதனை, வெளியூரில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து இறக்கும்போது நோய் வெளிப்படுகிறது.

காரணம் சொல்வோர் மூவகையினர். கருவிக்கு வயதாகிவிட்டது என்போர் முதுமைவாதிகள். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவோர் தட்டல்வாதிகள். கணினியை அணைத்துத் திரும்பப் போடுவோர் மறுதொடக்கவாதிகள். சில வேளை இவர்கள் வென்றுவிடுவதால் இவர்களை மறுப்பது கடினம். மூவரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்றுண்டு: கீபோர்டின் முதுகு.

முதுகில் வட்டமான ஐந்துதுளைப் பொருத்தி இருக்கும். கேபிளின் ஐந்து ஊசிகளில் நான்காவதும் ஐந்தாவதும் செய்தியைச் சுமக்கின்றன, நடு ஊசி காப்புறைக்கானது. மற்ற இரண்டும் 1983 முதல் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்துவரும் ஊழியர்கள். பாரிட் புந்தார்ப் பாலத்தில் பேராக்கிலிருந்து கெடாவுக்குப் போகலாம், அதே பாலத்தில் திரும்பி வரலாம். மிடி கேபிளில் அது நடவாது. ஒரு கேபிளுக்கு ஒரு திசைதான். ஆகவே வட்டத் துளைகளைக் கணினியின் யூஎஸ்பியோடு இணைக்கும் மாற்றியின் 'இன்' முனை கீபோர்டின் 'அவுட்' துளைக்கும், 'அவுட்' முனை 'இன்' துளைக்கும் போகவேண்டும். 'இன்'னை 'இன்'னில் செருகுவதோ மனித சுபாவம். போதாக்குறைக்கு, சில மாற்றிகளில் முனையின் பெயருக்குப் பதிலாக அது போகவேண்டிய துளையின் பெயரை அச்சிட்டிருப்பார்கள். எழுத்தை நம்பாமல் மாற்றிச் செருகிப் பார்ப்பதே இங்கு பிரமாணம். அதனால் கருவி கெடாது.

மாற்றியில் விளக்கு மின்னுவதும் சான்றாகாது. யாரும் தொடாதபோதும் "நான் இருக்கிறேன்" என்று நொடிக்கு மூன்று தடவைக்குமேல் ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும் கீபோர்டுகள் பல. கட்டையை அழுத்தும்போது மின்னல் மாறுகிறதா என்றே பார்க்கவேண்டும். மாறியும் கணினியில் சத்தம் இல்லையென்றால் குற்றம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. அக்கேபிளில் ஓசை பயணிப்பதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்ற மூன்று பைட் செய்திதான் போகிறது. ஓசையைக் கணினியிலுள்ள மென்பொருள் எழுப்பவேண்டும். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் அச்செய்தி ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அழுத்தி அரை மூச்சு கழித்துச் சத்தம் வந்தால் பழி கணினியின் ஒலி இயக்கியைச் சேரும்.

தொண்ணூறுகளின் யமஹா கருவிகள் சிலவற்றின் முதுகில் இன்னொரு வில்லன் உண்டு. நகத்தால் நகர்த்தும் அளவே உள்ள ஒரு விசை. அருகில் மிடி, பிசி-1, பிசி-2, மேக் என்று பொடி எழுத்து. அது பிசி-2இல் நின்றால் வட்டத் துளைகள் செத்தவை போலிருக்கும். பெயரைப் பார்த்து, கணினி என்றால் பிசிதானே என்று அங்கே தள்ளிவிட்டவர்கள் ஏராளம். மிடி என்ற இடத்துக்குத் தள்ளினால் உயிர் திரும்பும்.

மலிவு மாற்றிகள் தனி இனம். மிடி நெறிப்படி, உள்வரும் செய்தி ஓர் ஒளிப்பிரிப்பியைக் கடக்கவேண்டும். மின்தொடர்பே இல்லாமல் வெளிச்சத்தால் செய்தியைக் கடத்தும் சில்லு அது. காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடும் மாற்றிகள் உண்டு. சரக்கு மட்டமானால் விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்து, ஒரு ஸ்வரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அது பேயன்று.

இனி முதுமைவாதம் தகரும் இடம். வட்டத் துளை மட்டுமே உள்ள மூத்த கீபோர்டு, நல்ல மாற்றி ஒன்றின் துணையோடு எந்தக் கணினியுடனும் பேசிவிடும். 1999இல் வந்த யூஎஸ்பி மிடி பொதுநெறியைப் பின்பற்றும் மாற்றிக்குத் தனி இயக்கி தேவையில்லை. தொல்லை தருவது நடுவயதுக் கீபோர்டு. முதுகில் யூஎஸ்பி வாய் இருந்தும் பொதுநெறியை ஏற்காமல், தன் நிறுவனத்தின் இயக்கியைக் கேட்கும் கருவி அது. விண்டோஸ் 64 பிட்டுக்கு மாறியபோது பழைய இயக்கிகள் பல அங்கேயே நின்றுவிட்டன. செருகியதும் 'அறியாத சாதனம்' என்று கணினி சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். செருகியும் கணினி ஒன்றுமே சொல்லாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம்: கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும், தரவுக் கம்பி இல்லாத கேபிள்.

நடுவயதுக் கருவியில் வட்டத் துளையும் இருந்தால் யூஎஸ்பியை மறந்து வட்டத்தை நாடலாம். இல்லையென்றால் நிறுவனத்தின் தளத்தில் புதிய இயக்கி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவும் கிடைக்காதவர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்; யமஹா, ரோலண்டின் அத்தகைய கருவிகள் பலவற்றை அதன் கருநிரல் தனி இயக்கி கேட்காமலே அடையாளம் காண்கிறது.