சன்ஷேடு அரசு

எங்கள் குளியலறை சன்ஷேடு விரிசலில் ஓர் அரசங்கன்று முளைத்து ஒன்பது வருஷம். காக்கா போட்ட விதை. வெட்டினேன், தழைத்தது. வெந்நீர் ஊற்றினேன், எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுமினுத்தது. ஆசிட் ஊற்றினேன், சன்ஷேடுதான் பெயர்ந்தது. "சுவரை இடிச்சாத்தான் சார் அது போகும்" என்றார் கொத்தனார்.

அப்போதுதான் எனக்குப் போன்சாய்ப் பைத்தியம் பிடித்தது. ஜப்பானில், பாறை இடுக்கில் காற்றும் பனியும் முறுக்கிய கிழட்டு மரங்களைத் தேடிப் பெயர்த்துவந்து தட்டில் வளர்ப்பார்களாம். யமாதோரி என்று பெயர். அவர்கள் மலை ஏற வேண்டும். எனக்கு ஸ்டூல் போதும்.

ஞாயிற்றுக்கிழமை உளியும் சுத்தியலுமாக ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் மரம் கைக்கு வந்தது. கூடவே அரை மூட்டைக் காரையும், பக்கத்து வீட்டுக்காரரின் ஆலோசனைகளும்.

விஷயம் தெரிந்தவர்கள், பெயர்த்த மரத்தை ஒரு வருஷமாவது பெரிய தொட்டியில் விட்டு வேர் பிடிக்க வைப்பார்கள். அடிமரம் பருக்க வேண்டுமானால் தரையில் நடுவார்கள். தட்டுக்குப் போனபின் பருப்பது அநேகமாக நின்றுவிடும் என்பதால், தட்டு கடைசிப் படி. நான் கடைசிப் படியில் ஆரம்பித்தேன். வேரை நறுக்கியது, இலையைக் கிள்ளியது, செம்புக் கம்பி சுற்றி வளைத்தது எல்லாம் ஒரே பிற்பகலில். கழுத்தைத் திருப்பியபோது 'படக்' என்றது. பால் வடிந்தது. ஆல், அத்தி, அரசு எதைக் கிள்ளினாலும் பால் வரும், இது அழுகை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தட்டு, மனைவியின் பீங்கான் பிரியாணித் தட்டு. அடியில் ஓட்டை கிடையாது. வெயில் தின்று வளர்ந்த மரத்தை டிவி பக்கத்தில், ஏசிக்கு நேர் கீழே வைத்து மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினேன்.

"வளர்றதைக் குறுக்கி வைக்கிறது வீட்டுக்கு ஆகாதுடா. உன் வளர்ச்சியும் நின்னுடும்" என்றாள் அம்மா.

"அவர் பதினோரு வருஷமா அதே சீட்டுலதான் அத்தை இருக்கார். செடி மேல பழி போடாதீங்க" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

ஹிரோஷிமாவில் ஒரு வெண் பைன் இருந்தது. 1625 முதல் போன்சாயாக வளர்ந்தது. 1945இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், மதிலுக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. குண்டுக்குத் தப்பிய கதை அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்ததே, 2001இல் கொடுத்தவரின் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான். அது அணுகுண்டைத் தாங்கியது. ஆசிட்டைத் தாங்கிய என் அரசு, என் அன்பைப் பதினாறு நாள்தான் தாங்கியது.

பதினேழாம் நாள் தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று தலை துவட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், சன்ஷேடு விரிசலில் செம்பு நிறத்தில் இரண்டு தளிர். ஸ்டூலைத் தேடி ஓடினேன். அம்மா அதன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.