டண்டினொங்கில் முறைப்படி முட்டாளாவது எப்படி?

முதலில் ஆள் சேருங்கள். தனி ஒருவர் செய்தால் அது வெறும் பிழை. ஐந்து பேர் கூடி யோசித்து, பெரியவர் ஒருவர் தாடியைத் தடவி ‘செய்யுங்கோ’ என்று சொன்ன பிறகு செய்தால்தான் அது முட்டாள்தனம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இதை நன்றாக அறிந்திருந்தார். அவர் எழுதிய கதையில் பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். சிங்களவரின் கதைகளில் வரும் மகாதெனமுத்தாவுக்கும் சரியாக ஐந்து பேர்தான். ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டபோது அவர் ஆட்டின் கழுத்தை வெட்டச் சொன்னார், தலையை எடுப்பதற்காகப் பானையையும் உடைக்கச் சொன்னார். இலங்கையில் எத்தனையோ விசயத்தில் ஒத்துப்போகாத இரண்டு மொழிக்காரரும் இந்த எண்ணிக்கையில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். வட்ஸ்அப் குழு எதற்கு இருக்கிறது?

அடுத்தது பரிசோதனை. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முட்டாள் என்றால் யோசிக்காதவன் என்று ஒரு தப்பான எண்ணம் நம்மிடம் உண்டு. கதைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள், அவர்களைப்போல் யோசித்தவர்கள் கிடையாது. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று தெரியாமல் பரமார்த்தர் கூட்டம் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கொள்ளிக்கட்டையைத் தோய்த்துப் பார்த்தார்கள். ‘சுர்’ என்றது. விழித்திருக்கிறது என்று முடிவுகட்டிக் காத்திருந்தார்கள். சோதனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நான் கார் வாங்கிய முறையும் இதுதான். ஆஸ்திரேலியாவில் மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்குக்கு வந்து மூன்றாம் மாதம் அது. விக்டோரியாவில் பதிவுள்ள பழைய காரை விற்பவர் ‘ரோட்வேர்தி’ சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விலை நன்றாக இறங்கும் என்று எங்கள் குழு கண்டுபிடித்தது. ஐந்து பேராகப் போனோம். ஒருவர் டயரை உதைத்தார். ஒருவர் கதவை மூன்று தரம் அடித்துச் சாத்தினார். பொனெட்டைத் திறந்து ஐந்து தலையும் உள்ளே குனிந்தோம். ‘சத்தம் நல்லாயிருக்கு’ என்றார் எங்கள் குழுவின் பெரியவரான அண்ணை. அவர் ஊரில் ஒரு காலத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் வைத்திருந்தவர்.

பரமார்த்தரின் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கியதும் இப்படித்தான். குதிரை விலை அதிகம், முட்டை மலிவு, அடைவைத்தால் குஞ்சு பொரிக்கும். கணக்குச் சரி. வழியில் முட்டை கீழே விழுந்து உடைய, புதரிலிருந்த முயல் ஒன்று வெருண்டு பாய்ந்தது. குதிரைக்குட்டி ஓடுகிறது என்று காடெல்லாம் துரத்தினார்கள். என் முட்டை மொனாஷ் ஃப்ரீவேயில் உடைந்தது. குரு என்ன சொன்னார் தெரியுமா? குட்டியிலேயே இத்தனை வேகமென்றால், வளர்ந்தபின் இந்த வயதில் நான் எப்படி ஏறுவேன், போனதே நல்லது என்றார். அண்ணையும் அதையேதான் சொன்னார்: ‘விடு தம்பி, ஓடியிருந்தால் ஸ்பீட் ஃபைன் வந்திருக்கும்.’ நல்ல குருவுக்கு இது அடையாளம், கவனித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பின்புறம் குளிர்ந்தால் மரணம் நெருங்கிவிட்டது என்பது பரமார்த்தர் நம்பிய சாத்திரம். ஜூலை மாதத்தில் டண்டினொங் ஸ்டேசன் வாங்கில் இருந்து இதைச் சோதிக்க வேண்டாம். கிழமைக்கு ஐந்து நாள் சாக வேண்டிவரும்.

கடைசியாக, தேர்ச்சி பெற வேண்டிய கலை எண்ணுவது. ஆற்றைக் கடந்ததும் சீடர்கள் எண்ணினார்கள். எண்ணியவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டான். ஓராளை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைத்தார்கள். தொமஸ் வீதி ஆப்கான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய முல்லா நஸ்ருதீன் கழுதைமேல் இருந்து கழுதைகளை எண்ணியவர், ஏறியிருந்த கழுதை மட்டும் கணக்கில் வராது. இங்கிலாந்தின் கொதம் ஊரிலிருந்து மீன்பிடிக்கப் போனவர்களும் இப்படி எண்ணி அழுதிருக்கிறார்கள். நாட்டார் கதைகளை எண் போட்டு அடுக்கிய ஆர்னே–தொம்சன் அட்டவணையில் இதற்கென்றே ஓர் எண் உண்டு, 1287. குதிரை முட்டைக்கு 1319. வீரமாமுனிவர் 1747இல் இறந்தார், அவர் கதைக்குப் பாபிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1822இல் லண்டனில் வந்தது. தமிழ்ச் சீடர்களைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரர் எத்தனை பேருக்குக் கொதம் ஞாபகம் வந்ததோ. முட்டாள்கள் எப்போதும் பக்கத்து ஊரில்தான் இருப்பார்கள், எண்ணுகிறவன் ஊரில் இருப்பதில்லை.

பயிற்சிக்கு, கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு வானில் போய்வாருங்கள். போன திருவிழாவில் நாங்கள் போனோம். வெயிலில் சூடாகிய கார் பார்க்கில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கையில் விபூதிப் பொட்டலத்தோடு அண்ணை எண்ணினார். ‘எட்டுப் பேர் வந்தனாங்கள். ஏழு பேர்தான் நிக்கிறியள்.’ இன்னொரு தரம் எண்ணினார். ஏழு. ஒருவர் செருப்பு வைத்த இடத்துக்கு ஓடினார், ஒருவர் அன்னதான மண்டபத்துக்கு. என் மகள் கேட்டாள்:

‘பெரியப்பா, உங்களை எண்ணினனீங்களோ?’

‘நான் வான் ஓட்டுறவன் பிள்ளை. என்னை என்னத்துக்கு எண்ணுறது?’