இன்ஜினை இறக்குவதா, வண்டியை விற்பதா?

கேள்வி: 2006-இல் வாங்கிய மாருதி 800 காருக்குச் சந்தையில் 40,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க ஆளில்லை, இன்ஜின் வேலைக்கோ 50,000 கேட்கிறார்கள். வண்டியைவிட வைத்தியத்தின் விலை கூடினால் வண்டியைக் கைவிடுவதுதானே முறை?

பதில்: விற்கப் போகிறவருக்கு அதுவே முறை, ஓட்டப் போகிறவருக்கு அன்று. சந்தை விலை என்பது வண்டியை இன்று கைமாற்றினால் வரும் தொகையே தவிர, அது இல்லாமற்போனால் அதன் வேலையைச் செய்ய வேறொன்றைக் கொண்டுவர ஆகும் தொகையன்று. அதே 40,000 ரூபாய்க்குக் கிடைக்கும் இன்னொரு பழைய காரின் இன்ஜினும் ஏறத்தாழ அதே அளவு தேய்ந்திருக்கும்; அதன் குறைகள் வாங்குபவருக்குத் தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு. ஒழுங்காகச் செய்யப்பட்ட வேலை நான்கு ஆண்டு உழைத்தால், 50,000 ரூபாய் மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சமாகப் பிரிகிறது; புதிய காரின் மாதத் தவணையோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணையே. விலையையும் செலவையும் நேருக்கு நேர் நிறுத்தும் வழக்கம் காப்பீட்டுத் துறைக்கு உரியது. விபத்தில் சிதைந்த வண்டியின் பழுதுச் செலவு அதன் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே அது முழு இழப்பாகக் கொள்ளப்படுகிறது. காப்பீட்டு நிறுவனம் அந்த வண்டியில் ஏறி வேலைக்குச் செல்வதில்லை ஆதலால் அதற்கு அந்தக் கணக்குப் போதும்.

கேள்வி: புகையைப் பார்த்தே இன்ஜினின் நோயைச் சொல்லிவிட முடியுமா?

பதில்: பாதி சொல்லலாம், அந்தப் பாதி இலவசம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் அது எப்போது வருகிறது என்பதில்தான் செலவின் அளவு அடங்கியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வந்து மறைந்தால், வால்வின் தண்டு வழியாக ஆயில் கசியாமல் காக்கும் சிறு ரப்பர் உறையான வால்வு சீல் பழுதாகியிருக்கக்கூடும். அது சிறிய வேலை. மேடேறும்போதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடாமல் வந்தால், எரியும் வாயு கீழிறங்காமலும் ஆயில் மேலேறாமலும் பிஸ்டனைச் சுற்றித் தடுக்கும் உலோக வளையமாகிய ரிங்கோ, அது உரசி ஓடும் சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. அது பெரிய வேலை. கரும்புகை பெட்ரோல் மிகுதியாக எரிவதைக் காட்டுகிறது; எரிபொருள் செலுத்தும் அமைப்பையும் ஏர் ஃபில்டரையும் சீராக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் இக்குறைக்காக எவரும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. குளிர்ந்த காலையில் வரும் வெண்புகை வெறும் நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின்னும் அது நிற்காமல், ரேடியேட்டரில் நீர் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால், கூலன்ட் எரியறைக்குள் புகுகிறது என்று பொருள்.

கேள்வி: “இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்” என்கிறார் மெக்கானிக். வேறு வழியே இல்லையா?

பதில்: உண்டு, அதைக் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் கடமை. கம்ப்ரெஷன் டெஸ்ட் எனப்படுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி இன்ஜினைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறது என்று அளக்கும் சோதனை. நலமான பெட்ரோல் இன்ஜினில் இது பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 13 கிலோ வரை இருக்கும். எனினும் எண்ணைவிடச் சமநிலையே முக்கியம் என்பதால், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் குறை அங்கே இருக்கிறது. அடுத்து, தாழ்ந்த சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும்: அழுத்தம் ஏறினால், ஆயில் தற்காலிகமாக அடைத்த இடைவெளி ரிங்குக்கும் சுவருக்கும் இடையில் உள்ளது; ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டையோ ஐயுற வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் வெந்துபோயிருக்க வாய்ப்பு மிகுதி. சிறிது நேரமே பிடிக்கும் இச்சோதனையின் எண்களைத் தாளில் எழுதித் தராத பட்டறையின் மதிப்பீட்டை ஏற்கக் கூடாது. ஹெட் வேலைக்கும் முழு இன்ஜின் வேலைக்கும் இடையே உள்ள பெருந்தொகையைத் தீர்மானிப்பவை அந்த எண்களே.

அடிப்பாகத்திலிருந்து கனத்த “கட கட” ஓசை வருமானால் மட்டும் மெக்கானிக் சொல்வது சரி. கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்குகளும் தேய்ந்ததற்கு அது அறிகுறி, திறந்து பார்க்காமல் அதன் அளவு தெரியாது.

கேள்வி: ஒரு முறை சூடேறி நின்ற காருக்கு ஹெட் கேஸ்கெட் மாற்றியாயிற்று, சில வாரங்களில் மீண்டும் போய்விட்டது. கேஸ்கெட் போலியா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் ஐயுற வேண்டியது ஹெட்டை. அலுமினியத்தாலான ஹெட் மிகையாகச் சூடேறும்போது வளைகிறது. வளைந்த பரப்பின்மேல் எந்தக் கேஸ்கெட்டும் நிலைக்காது. நேர்கோலை வைத்து, மெல்லிய அளவுத் தகட்டை இடையில் செருகிப் பார்க்கையில், இத்தகைய சிறிய இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே பொறுக்கத்தக்க எல்லை. அதைக் கடந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங், அதாவது பரப்பைச் சமமாகச் சீவுதல், கட்டாயமாகிறது. அத்துடன், முதன்முதலில் ஏன் சூடேறியது என்ற கேள்விக்கு ரேடியேட்டரோ, தெர்மோஸ்டாட்டோ, வாட்டர் பம்போ, விசிறியோ விடை சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: சென்னைப் புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கி மாட்டிவிட்டால்?

பதில்: எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு ஆவணமும், புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதிந்துகொள்ளப் பொறுமையும், அந்த இன்ஜினுக்கும் மேற்சொன்ன சோதனையைச் செய்யும் துணிவும் இருந்தால் மாட்டலாம்.

கேள்வி: அப்படியானால் எந்தப் பழைய காரையும் காப்பாற்றிவிடலாமா?

பதில்: இல்லை, காப்பாற்ற முடியாதது இன்ஜினன்று, உடல். தேய்ந்த சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடும் ரீபோர் வேலையால் இன்ஜின் மறுபிறவி எடுக்கிறது. துருவேறிய தகட்டுக்கு அத்தகைய மறுபிறவி இல்லை. மாருதி 800 போன்ற கார்களில் தனிச் சட்டகம் கிடையாது, உடலே பாரம் தாங்குகிறது. எனவே தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழ் ஓடும் பக்கவாட்டுப் பெட்டிப்பகுதி, முன்சக்கர சஸ்பென்ஷன் பொருந்தும் மேற்பகுதி ஆகிய மூன்றிலும் துரு ஊடுருவியிருந்தால், இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது. கதவின் கீழ் விளிம்பில் தெரியும் துரு கண்ணை உறுத்துவதே தவிர ஆபத்தன்று. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிகளுக்கு இந்த ஆய்வு இன்னும் கடுமையாக வேண்டும். இன்ஜின் மதிப்பீட்டைக் கேட்பதற்கு முன்பே காரை லிஃப்டில் ஏற்றி, திருப்புளியின் பிடியால் அடித்தகட்டைத் தட்டிப் பார்ப்பதே சரியான வரிசை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, புத்தம்புது இன்ஜினை உளுத்த கூட்டுக்குள் பூட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிக்குச் செலவு செய்வது சட்டப்படி வீணா?

பதில்: தில்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் போலத் தனிக் கட்டுப்பாடு உள்ள இடங்கள் நீங்கலாக, தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது என்பதையும், பசுமை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவு முடிய ஓராண்டே இருக்கும்போது இன்ஜின் வேலை செய்பவர், அந்த வண்டி தகுதிச் சோதனையில் தேறுமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நலம்.

கேள்வி: சென்ற ஆண்டுதான் கிளட்சுக்கும் டயருக்கும் 30,000 ரூபாய் போயிற்று. இப்போது விட்டுவிட்டால் அது வீண்தானே?

பதில்: விட்டாலும் தொடர்ந்தாலும் அந்தப் பணம் திரும்பாது. அந்தக் கிளட்சும் டயர்களும் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மட்டுமே இனிக் கணக்கில் வரும்.

கேள்வி: 1984 மாடல் மாருதி 800 ஒன்று, தந்தையார் வாங்கியது, வீட்டில் நிற்கிறது. அதைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாமா?

பதில்: 50 ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கே அந்தப் பதிவு உண்டு என்று 2021-ஆம் ஆண்டின் விதி கூறுகிறது, எனவே 2034 வரை பொறுத்திருக்க வேண்டும். தந்தையின் நினைவுக்காகச் செலவிடுவது நியாயமான காரணமே, அதற்கு மாதக் கணக்கு தேவையில்லை. ஆனால் அன்றாடப் பயணத்துக்கான கணக்கோடு அதைக் கலக்காமல் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். இத்தகைய வண்டிக்கு ஓடும் இன்ஜினைவிடத் துரு ஏறாத கொட்டகையும், அசல் உதிரிபாகங்களைக் கழித்துப் போடாமல் எடுத்துவைக்கும் பழக்கமுமே முதலில் தேவை. இன்ஜின் வேலையை 2033-இல் தொடங்கினாலும் போதும்.