படைக்குப் பிந்து

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். ஒமாஹா போக்கர் படை வகை. ஃப்ளாப், அதாவது மேசையில் முதல் மூன்று சீட்டு, விழுந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறவர் பட்டனில் இருப்பவர். மற்றவர்கள் பந்தயம் கட்டுகிறார்களா, 'செக்' சொல்லி நழுவுகிறார்களா என்று பார்த்துவிட்டு அவர் வாயைத் திறந்தால் போதும். எங்கள் வீட்டில் அந்த இடம் நிரந்தரமாக மனைவிக்கு. ஆறு பேர் மேசையில் ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறை எனக்கும் வரும்.

காசு வைத்து ஆடுவதாக நினைக்க வேண்டாம். இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு மத்திய அரசு 2025-இல்தான் தடைச் சட்டம் கொண்டுவந்தது. என் சம்பளம் அதற்கு வெகுநாள் முன்பே கொண்டுவந்துவிட்டது. எல்லாம் இலவசச் சில்லு.

அன்று பட்டனில் நான். கையில் இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ராஜா, டைமன் 9, கிளாவர் 8. மேசையில் முதலில் இஸ்பேட் 10, இஸ்பேட் 6, கிளாவர் 2. எதிராளி பந்தயம் கட்டினார். பேசாமல் ஈடு கொடுத்தேன். அடுத்து இஸ்பேட் ஜாக்கி. மனிதர் சட்டென்று அடங்கி 'செக்' என்றார். எனக்கு மீசை துடித்தது. பானையில் சேர்ந்திருந்த சில்லில் பாதியைக் கட்டினேன், விடாமல் வந்தார். கடைசிச் சீட்டு இஸ்பேட் 3. மறுபடி 'செக்'.

ஒமாஹாவில் கையிலுள்ள நான்கில் சரியாக இரண்டைத்தான் எடுக்க வேண்டும், மேசையிலிருந்து மூன்று. மேசையில் நான்கு இஸ்பேட் கிடந்தாலும் என் ஒற்றை ஏஸால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, ஆகாது. கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் ஏஸ் என்னிடம் இருப்பதால் ஏஸ் ஃப்ளஷ் அவரிடம் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பொய் சொல்ல இதைவிடத் தோதான கை ஏது? பானையில் 1,000 சில்லு. விதி அனுமதிக்கும் உச்சம் 1,000; முழுசாகக் கட்டினேன். இரண்டில் ஒரு தடவைக்கு மேல் அவர் விலகினால் நீண்ட காலத்தில் எனக்கு லாபம். கணக்கு அப்பழுக்கில்லாதது.

ஈடு கொடுத்துவிட்டார்.

சீட்டைக் காட்டினார்: இஸ்பேட் ராஜா, டைமன் ராணி, ஆட்டின் 4, ஆட்டின் 2. அவருக்கும் ஒற்றை இஸ்பேட்! இரண்டு சீட்டு விதியே தெரியாமல், தன்னிடம் ராஜா ஃப்ளஷ் இருப்பதாக நம்பி வந்திருக்கிறார். பயப்படுவதற்கும் கொஞ்சம் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டுமே! இரண்டு 2 சேர்ந்த வெறும் ஒரு ஜோடிக்கு மொத்தப் பானையும் அவர் பக்கம் ஓடியது.

நான் வாயடைத்து உட்கார்ந்திருக்கையில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "உங்களிடம் ஏஸ் ஃப்ளஷ் இருக்கிறதே, நீங்கள்தானே ஜெயித்தீர்கள்? ஏதோ மென்பொருள் கோளாறு. சும்மா விடாதீர்கள், புகார் கொடுங்கள்."