விதியோடு விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு எங்கள் கோல்ஃப் கிளப்பில் சனிக்கிழமையே பெயர்ப் பட்டியல் ஒட்டிவிடுவார்கள். தன் பெயருக்குக் கீழே விதியார் பெயரைப் பார்ப்பவர் முகம், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று கவுன்ட்டர் மூடியதைப் பார்த்தவர் முகம்போல் ஆகிவிடும். "நாளைக்கு யாரோட ஆடுறீங்க?" என்றால், "விதியோட" என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

விதியார் என்பது நாங்கள் வைத்த பெயர்; ஆள் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பின்பாக்கெட்டில் கோல்ஃப் விதிப் புத்தகம். பந்தைவிட நம் காலடியைத்தான் அதிகம் கவனிப்பார். பை தூக்கி வரும் பையன்களைக் கேடி என்கிறோம்; அந்தப் பட்டம் ஆடுகிறவர்களுக்கே பொருந்தும் என்பது அவர் கட்சி. தொலைந்த பந்தைத் தேட இப்போது மூன்று நிமிடம்தான்; 2019-க்கு முன்பு ஐந்து. நாம் முட்புதருக்குள் சட்டையைக் கிழித்துக்கொண்டு துழாவும்போது, வெளியே நின்று கடிகாரம் பார்ப்பார். "ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்!" அவரும் குனிந்து தேடினால் கிடைத்துத் தொலைக்கும்.

பங்கர் என்னும் மணல்பள்ளத்தில் கிடக்கும் பந்தை அடிக்குமுன் அதன் பின்னால் மட்டை மணலைத் தொட்டால் இரண்டு அடி தண்டம். ஒருமுறை நான் அப்படி மட்டையைத் தாழ்த்திக்கொண்டே போனதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சார், மணல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதியை நினைவூட்டுவது தப்பில்லை என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் குற்றம் நடக்காதே! ஒருவழிப் பாதையின் முனையில் நின்று தடுக்காமல், நடுவே புளியமரத்துக்குப் பின்னால் காத்திருக்கும் டிராஃபிக் போலீஸ் ரகம் அவர்.

அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் எதிராளியின் பிழையைக் கண்டும் காணாமல் விடலாம்; நஷ்டம் நமக்குத்தான். மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் அப்படி முடியாது. நாம் காட்டும் தாராளம், மூன்று குழி தள்ளி ஆடிக்கொண்டிருக்கும் அப்பாவியின் கணக்கில் போய் விழும். விதிமீறலை மறைப்பதென்று சேர்ந்து ஆடும் நால்வரும் பேசிவைத்துக்கொண்டால் நால்வருக்குமே தகுதி நீக்கம். வாயைத் திறக்கத்தான் வேண்டும். எனக்குள்ள தகராறெல்லாம், திறக்கும்போது அவர் முகத்தில் தெரியும் தீபாவளியோடுதான்.

1987 என்றாலே அவருக்குக் கண் கலங்கும். சான் டியாகோவில் நடந்த போட்டியில் கோல்ஃப் வீரர் கிரெய்க் ஸ்டாட்லர் மரத்தடியில் மண்டியிட்டு அடிக்க வேண்டியிருந்தது. பேன்ட் நனையாமலிருக்கத் துண்டை விரித்தார். ஆடும் இடத்தை அப்படிச் செப்பனிடக் கூடாது. டிவியில் பார்த்தவர்கள் போன் போட்டுச் சொன்னார்கள். தண்டம் சேர்க்காத ஸ்கோர் அட்டையில் முந்தின நாளே கையெழுத்தாகிவிட்டதால், ஆளையே நீக்கிவிட்டார்கள். நம்மூர் பஸ்ஸில் துண்டு போட்டால் இடம் கிடைக்கும். ஸ்டாட்லருக்கு இருந்த இடமும் போயிற்று. 2018 முதல் இப்படி வீட்டிலிருந்து வரும் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார்கள். அன்று விதியார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி.

போன மாதம் கோப்பைப் போட்டி. அவர் ஒற்றையாய் மரங்களுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது: "என் பந்து அசைஞ்சிடுச்சு. எனக்கு ஒரு அடி தண்டம்!" ஒரு ஈ, காக்கைகூடப் பார்க்கவில்லை. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் இப்படித்தான், யாருமே காணாத அசைவுக்குத் தன்மேல் ஒரு அடி சுமத்திக்கொண்டு, ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். இவருக்கும் கோப்பை ஒரே அடியில் போயிற்று.

எனக்குத் தொண்டை அடைத்தது. இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று போய்க் கையைப் பிடித்தேன். "பெரிய மனசு சார் உங்களுக்கு!"

கையை உருவிக்கொண்டார். "என் அட்டையில அடி குறிக்கிற மார்க்கர் யாரு? நீங்கதானே? பந்து அசையறப்போ எங்க சார் பராக்குப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"