முறுக்கர் பிடித்த விரதம்

யாழ்ப்பாணத்து வீட்டில் ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தால் அதற்குக் காரணம் மூன்றுதான்: விரதம், கோபம், கண்ணூறு. நான்காவது காரணம் சொன்ன எந்த வைத்தியரும் என் மனைவியிடம் தப்பியதில்லை. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எதற்கும் நிறுவல் கேட்பவன். ஆகவே கனடாவில், ஸ்காபரோவில் என் மகள் வீட்டில் முறுக்கர் சாப்பாட்டை நிறுத்தியபோது, மனைவியைத் தோற்கடிக்க இதுதான் சந்தர்ப்பம் என்று துணிந்து இறங்கினேன்.

முறுக்கர் என் பேரன் வளர்க்கும் பாம்பு. மேற்கு ஆபிரிக்க வம்சம். வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்புச் சாதியில் குள்ளர், ஐந்தடியைத் தாண்டுவது அபூர்வம். நஞ்சு கிடையாது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்து உடம்பை இறுக்கிச் சுற்றிக்கொள்வார். பெயர் அதனால் வந்தது. "ர்" விகுதி என் மனைவி போட்டது. பேரனுக்கு வேண்டியவர் எங்களுக்கும் வேண்டியவரல்லவா?

இங்கே யாழ்ப்பாணத்தில் இப்படி ஒருவரை வளர்க்க முடியாது. வெங்கிணாந்தியைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் படலையைத் தட்டும். அந்தச் சட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். கிணற்றடியில் ஒரு சாரை ஓடினால் நான் வாங்கில் ஏறி நின்று கட்டளை இடுவேன். மனைவி தும்புத்தடியோடு போவா. பேரனுக்கு மட்டும் இந்தப் படலம் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. அதில் வாங்கு வராது. அதனால்தான் ஐப்பசியில் ஒரு விடியப்புறம், கோழி கூவ முதல், தொலைபேசி கூவியது.

"அம்மப்பா, முறுக்கர் சாப்பிடுறார் இல்லை. உங்களுக்குத்தானே பாம்பைப் பற்றித் தெரியும்?"

நான் மூக்குக்கண்ணாடி தேடுவதற்குள் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டா. "கந்தசஷ்டி தொடங்கீட்டுது. விரதம் பிடிக்கிறாராக்கும்."

நான் சிரித்தேன். மயிலேறும் பெருமானுக்குப் பாம்பு விரதம் இருப்பதா? மயிலின் காலடியில் கிடப்பதே போதாதா? ஆனால் சூரன்போர் முடிந்து நாங்கள் பாறணை பண்ணிய பிறகும் முறுக்கர் பாறணை பண்ணவில்லை. "பெருங்கதையும் பிடிக்கிறார்" என்றா. இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதையும் முடிந்தது. மார்கழியில் திருவெம்பாவை. அதற்கும் எலியைத் தொடவில்லை. சைவப்பழம் என்று பெயரெடுத்த என் குடும்பத்தில் இத்தனை விரதத்தையும் ஒரு வருடத்தில் பிடித்து முடித்தவர் எவருமில்லை. கந்தசஷ்டியில் பாலும் பழமுமாய் இருந்த எனக்கே எடை கூடித்தான் இருந்தது.

நான் படிக்கத் தொடங்கினேன். படித்தது மனைவிக்கே சாதகமாகப் போனதுதான் வயிற்றெரிச்சல். இந்த இனத்துப் பாம்பின் சொந்த ஊரில் கார்த்திகை தொட்டு மாசி, பங்குனி வரை வறட்சி, இரவில் குளிர். இணை தேடும் காலமும் ஏறக்குறைய அதுதான். வளர்ந்த ஆண் பாம்புக்கு அப்போது பெண் நினைவே தவிர எலி நினைவு கிடையாது. கனடாவில் மூன்றாம் தலைமுறையாகப் பெட்டிக்குள் பிறந்திருந்தாலும் உடம்பு ஊர்ப் பஞ்சாங்கத்தை மறப்பதில்லை. கொழுத்த பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தும் எடை பெரிதாகக் குறையாது. பட்டினி நீண்டால் உடம்பின் செலவைச் சுருக்கிவிடும். வேலையில்லாத குடலும் சுருங்கிக்கொள்ளும். இரை விழுந்ததும் எல்லாம் மறுபடி பெருக்கும். பெரிய இரை விழுங்கி இரண்டு மூன்று நாளுக்குள் பர்மிய மலைப்பாம்பின் இதயமே 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கலியாண வீட்டில் பந்தி முடிந்து எழும்பும்போது எனக்குப் பெருப்பது வேறு உறுப்பு. அது திரும்பச் சுருங்குவதும் இல்லை.

ஆக, விரதம் சரி. ஒன்றுக்குப் பூச்சியம்.

"வீட்டுக்கு ஆரும் வந்தவையோ பிள்ளை?" என்று மனைவி அடுத்த விசாரணையைத் தொடங்கினா.

"ஓம் அம்மம்மா, பேர்த்டேக்கு எல்லாரும் வந்தவை. முறுக்கரைத் தூக்கிப் படம் எடுத்தவை."

"பாத்தியளே! கண்ணூறு! செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போடச் சொல்லுங்கோ."

மகள் போட்டாள். ஸ்காபரோ வீடுகளில் புகை கண்டால் அலறும் கருவி கூரையில் இருக்கிறது. அது அலறியது. அயலவர்கள் ஓடி வந்து, அவர்களும் முறுக்கரைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் கண்ணூறு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, இதுவும் சரிதான். இவருடைய முன்னோர் பகலெல்லாம் கறையான் புற்றிலும் எலி வளையிலும் ஒளிந்து கிடப்பவர்கள். அப்படிப்பட்டவரை நாலு பக்கமும் கண்ணாடியாய் வரவேற்பறையில் வைத்து, வருகிறவரெல்லாம் தட்டிப் பார்த்தால் எப்படித் தொண்டையில் இறங்கும்? ஊருக்கு ஊர் நாகதம்பிரானுக்குப் புற்றும் பொங்கலும் வைத்திருக்கும் எங்களுக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். பேரன் சப்பாத்துப் பெட்டியில் வாசல் வெட்டிக் கவிழ்த்தான். கண்ணாடியில் மூன்று பக்கம் கடதாசி ஒட்டினான். "அப்ப பாலும் வைக்கட்டோ?" என்று கேட்டான். பாம்பு இறைச்சி தின்னி, பால் அதற்கு உணவல்ல, தண்ணீர் போதும் என்று நான் சொன்னதுதான் இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி. மனைவி அதை அடுக்களையில் நின்றபடி கேட்காமல் விட்டா.

மிச்சம் இருந்தது கோபம். உறைபெட்டி எலியை இளக்கிக் கொடுத்தார்கள். "சூடு இருந்ததோ?" என்றா. "ஆறின சோத்தை வைச்சா நீங்கள் கோவிக்கிறேல்லையோ?" நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பாம்புக்கு உதட்டோரத்தில் வெப்பம் உணரும் குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அதற்கு இரையாகத் தெரியாமலே போகலாம். சுண்டெலிக்குப் பழகியது பெரிய எலியைத் திரும்பியும் பாராது. தோல் கழற்றும் முன் கண் நீலம் பூத்து மங்கும். அப்போதும் சாப்பாடு வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கத்தில் 31, 32 பாகை வெப்பம் இல்லாவிட்டால் விழுங்கியது செரிக்காது, அதனாலும் வாய் திறக்காது. எங்கள் முற்றத்தில் சும்மா கிடைக்கும் வெப்பம் அது. அங்கே மின்கட்டணத்தோடு வருகிறது.

மகள் கேக் மா நிறுக்கும் தராசில் முறுக்கரை மாதாமாதம் நிறுத்தார்கள். அந்தத் தராசில் நிறுத்த மாவில் செய்த கேக்கை நான் இனித் தொடமாட்டேன். எடை அசையவில்லை. சிவராத்திரி கழிந்து பங்குனியில் ஓரிரவு, எவரும் பாராதபோது, எலி காணாமல் போயிருந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனுக்கு வெள்ளி நாகம் வைப்பதாகத் தான் நேர்ந்ததால்தான் என்று மனைவி நம்புகிறா. கடல் கொந்தளிப்பில் தலைசுற்றிப் படுத்துக்கொண்டே நேர்த்தியை நிறைவேற்றப் போனவன் நான்.

இந்த இனம் நீண்டகாலம் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் வந்த கிழவி ஒன்று, இருபது வருடத்துக்கு மேல் ஆண் வாடையே இல்லாமல், 2020இல் ஏழு முட்டை இட்டது. ஆகவே முறுக்கர் என்னை வழியனுப்பிய பிறகும் பல கந்தசஷ்டி காண்பார்.

வெளிநாட்டில் பாம்பு வளர்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். வளர்ந்த பாம்பு தண்ணீர் குடித்து, எடை இறங்காமல் இருந்தால் அதன்பாட்டில் விடுங்கோ. எடை விறுவிறென்று இறங்கினால், வாயில் நுரை கண்டால், மூச்சில் இரைச்சல் கேட்டால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கோ. குட்டியென்றால் அவ்வளவு பொறுக்கவும் வேண்டாம். எனக்கு மட்டும் விடியப்புறம் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பேசப்போவது அம்மம்மாதான்.